வாயசைவைப் பிடிக்க ஒரு ரெக்கார்டர்

தறிக்கூடத்தில் அவளுக்குக் கழுகு என்று பெயர். மூக்கைப் பார்த்து வைத்த பெயர் இல்லை. மூக்கு நல்ல மூக்குதான். கூடத்தின் இந்தக் கோடியில் நின்றுகொண்டு, அந்தக் கோடியில் ஒருத்தி தன் மாமியாரைப் பற்றி என்ன சொல்கிறாள் என்பதை ஒரு எழுத்து பிசகாமல் திருப்பிச் சொல்வாள். அதனால் வந்த பெயர்.

தறிகள் ஓடும்போது அந்தக் கூடத்தில் காது என்பது தோடு மாட்டிக்கொள்ளத்தான் உதவும். பக்கத்தில் குண்டு விழுந்தாலும் தரை கொஞ்சம் அதிகமாக அதிர்கிறதே என்றுதான் தோன்றும். அதனால் அங்கே எல்லோரும் வாயால் பேசி கண்ணால் கேட்பார்கள். உதட்டை நன்றாக இழுத்து, பல் தெரிய, ஒவ்வொரு சொல்லையும் மென்று துப்புவதுபோல் பேசுவார்கள். முதுகுப் பக்கம் நிற்பவர்களோடு பேசவும் வழி வைத்திருந்தார்கள். ஒவ்வொருத்தியும் தன் தறியின் தூணில் கைக்கண்ணாடி ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருப்பாள். மேஸ்திரி பின்னால் வருகிறாரா என்று பார்க்கத்தான் முதலில் கட்டினார்கள். பிறகு அதுவே பேச்சுக்கும் ஆயிற்று. பின்னால் இருப்பவள் வாயசைப்பாள். முன்னால் இருப்பவள் கண்ணாடியில் படித்துவிட்டு, கையை எடுக்க முடியாததால் தலையை ஆட்டுவாள். தலை ஆடினால் புரிந்தது என்று அர்த்தம். அதற்கு மேல் கேள்வி கிடையாது.

கழுகு பள்ளிக்கூடத்தை விட்ட கையோடு அங்கே போனவள். இப்போது அவள் காதில் பாதிதான் மிச்சம். அதைப் பற்றி அவளுக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், சிக்னலில் பக்கத்தில் வந்து நிற்கும் காருக்குள் நடக்கும் சண்டை முழுவதும் அவளுக்கு இலவசம். கட்டின புருஷன் பேசுவதுதான் பாதிக்குப் பாதி புரியாது. அவர் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவர். மேலுதட்டை மூடிய மீசை.

"மீசையக் கொஞ்சம் வெட்டுங்க. என்ன சொல்றீங்கன்னே தெரியல."

"தெரியாம இருக்கறதாலதான் இத்தன வருஷம் ஓடிச்சு," என்பார் அவர். அதையும் மீசைக்குள்ளேயே சொல்லிக்கொள்வார்.

அப்படிப்பட்டவள் ஒருநாள் வேலைக்குப் போகிற வழியில் எலெக்ட்ரானிக்ஸ் கடையின் கண்ணாடிக்கு வெளியே நின்றாள். உள்ளே ஒரு சுவர் முழுக்க டிவிகள், எல்லாவற்றிலும் ஒரே செய்தி, சத்தம் இல்லை. செய்தி வாசிக்கிற பெண், திரையில் வேறு படம் ஓடுகிறது, தன்னைக் காட்டவில்லை என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் யாரிடமோ, "இந்த நாற்காலிய மாத்தச் சொல்லி எத்தன தடவ சொல்றது" என்றாள். கழுகு சிரித்தாள். அந்தப் பக்கம் போன ஒருவர் இவளைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தள்ளிப் போனார்.

சிரிக்க வந்தவள் இல்லை அவள். அவளுக்கு ஒரு வாய் வேண்டியிருந்தது. டிவியில் ஏழெட்டு நொடி வந்து போன ஒரு வாய். அதைப் பிடித்து, நிறுத்தி, படித்தாக வேண்டும்.

போன வாரம் நடந்தது அது. வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தாள். உள்ளூர்ச் சேனலில் பழைய தொழிற்சாலைப் படங்களை எல்லாம் சேர்த்து ஏதோ நிகழ்ச்சி. கைப்பையைக் கூட கீழே வைக்கவில்லை. திரையில் அவர்கள் தறிக்கூடம். பல வருஷம் முன்னால் யாரோ வந்து எடுத்துப்போன படம். சாயம் போன நிறம். முன்னால் ஒரு பெண் குனிந்து அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருக்கிறாள். உச்சந்தலையும் பின்னலும்தான் தெரிகிறது. அவளுக்குப் பின் வரிசையில் இன்னொருத்தி நிமிர்ந்து நின்று, குனிந்திருப்பவளின் முதுகைப் பார்த்துப் பேசுகிறாள்.

குனிந்திருப்பது கழுகு. பத்தொன்பது வயதுக் கழுகு. பேசுகிறவள் அக்கா.

"குட்டி," என்றது அக்காவின் வாய். அதற்குப் பிறகும் ஏதோ சொன்னது. கழுகுக்கு அந்த ஒரு சொல்லோடு கண் கலங்கிவிட்டது. கண் கலங்கினால் அவளுக்குக் காது அடைத்த மாதிரி. துடைத்துக்கொண்டு பார்ப்பதற்குள் திரையில் ஒரு செங்கல் சூளை வந்துவிட்டது.

உலகத்தில் அவளைக் குட்டி என்று கூப்பிட்டவள் ஒருத்திதான். அந்த ஒருத்தி, படம் எடுத்த அதே வாரத்தில், ஒரு லாரிக்காரரைக் கட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போனாள். அப்பா கூடாது என்றார்; போய்விட்டாள். அப்பாவிடம் சொல்லாமல் போனதில் கழுகுக்கு ஆச்சரியம் இல்லை. தன்னிடமும் சொல்லாமல் போனதுதான் ஆறவில்லை. ஒரே படுக்கையில் படுத்தவர்கள், அடுத்தடுத்த தறியில் நின்றவர்கள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அக்காவின் ஆணியில் அக்காவின் கோட்டு இல்லை, அவ்வளவுதான். அப்பாவின் சாவுக்கு அக்கா வந்தாள். இருவரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் பிரிந்தார்கள். நடுவில் அண்ணன் ஒருவர் இருந்ததால் யார் வீட்டில் என்ன விசேஷம், யாருக்கு என்ன உடம்பு என்ற செய்தி மட்டும் தபால் மாதிரி போய் வந்துகொண்டிருந்தது.

"சொல்லியிருந்தா நான் கண்ணாடியில பாத்திருப்பேன்," என்று இத்தனை வருஷமாகச் சொல்லிவந்தாள் கழுகு. இப்போது அக்கா சொல்வது அவள் கண் முன்னாலேயே ஓடிப் போயிற்று. என்ன சொன்னாள்? போகிறேன் என்றா? நூல்கண்டு தீர்ந்துவிட்டது என்றா? அந்தக் கேள்வி உள்ளே புகுந்த நாளிலிருந்து அவளுக்குச் சோறு சோறாக இல்லை.

புருஷனைச் சேனலுக்குப் போன் போடச் சொன்னாள். பஸ்காரர் போட்டார். வரும் சனிக்கிழமை மத்தியானம் மறுபடி காட்டுவார்களாம்.

"அப்புறம் என்ன? சனிக்கிழம உக்காந்து பாரு."

"சனிக்கிழம எனக்கு ஷிஃப்ட். அவசர ஆர்டர், லீவு கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. அதுவுமில்லாம ஒரு தடவ பாத்தா போதாது. நிறுத்தி நிறுத்திப் பாக்கணும்."

வீட்டில் ஒரு பழைய வீடியோ டெக் இருந்தது. பஸ்காரர் அதைப் பரணிலிருந்து இறக்கி, தூசி தட்டி, கேபிளைச் சொருகினார். திரையில் ஒரே மழை, ஒரே இரைச்சல். பழைய ஒளிபரப்பை எல்லாம் நிறுத்திவிட்டு டிஜிட்டலுக்கு மாறி மாதக்கணக்காகிறது. டிவிக்குள்ளேயே அதற்கான டியூனர் இருந்ததால் அவர்களுக்கு அது உறைக்கவே இல்லை. டெக்குக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. அது பாவம், இன்னும் பழைய சிக்னலுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. ஒரு பழைய கேசட்டைப் போட்டு நிறுத்திப் பார்த்தாள். நிறுத்திய இடத்தில் ஆள் முகத்துக்குக் குறுக்கே கோடுகள் நடுங்கின. வாய் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை வெள்ளையாக ஏதோ கொதித்தது.

அப்படித்தான் அந்தக் கடை வாசலுக்கு வந்து சேர்ந்தாள். மறுநாள் வேலைக்கு முன்னால் கொஞ்சம் சீக்கிரமே கிளம்பி, உள்ளேயே போனாள்.

விற்பனைக்காரர் நடுவயதுக்காரர். கழுத்தில் டை, சட்டைப் பையில் மூன்று பேனா. நல்லவேளை, மழுமழுவென்று சவரம் செய்த முகம். ஒவ்வொரு சொல்லும் கழுகுக்குப் பளிச்சென்று விழுந்தது.

"டிவிடி ரெக்கார்டர் வேணும். டிவியில வர்றதப் புடிக்கணும்."

"என்ன மாதிரி நிகழ்ச்சிங்கம்மா புடிப்பீங்க? சீரியலா, சினிமாவா?"

"வாய்."

"என்னங்க?"

"ஒருத்தங்க வாய். நிறுத்தினா உதடு தெளிவா தெரியணும். ஒவ்வொரு படமா நகத்தணும். முன்னாடி போகணும், பின்னாடி வரணும். தறியில இழைய விடற மாதிரி."

அவர் அவளை ஒரு முறை பார்த்தார், அலமாரியை ஒரு முறை பார்த்தார். இத்தனை வருஷ வியாபாரத்தில் உதட்டுக்காக ரெக்கார்டர் கேட்டவர் யாரும் இல்லை போலிருக்கிறது. ஆனாலும் மனுஷன் சளைக்கவில்லை. ஒவ்வொரு பெட்டியாக இறக்கி வைத்தார்.

"முதல்ல டியூனர். அது இந்த மிஷினோட காதுன்னு வச்சுக்குங்க. சில மாடல்ல பழைய காதுதான் இருக்கும். டிஸ்க் போட்டா பாடும், ஆனா இப்ப காத்துல வர்ற சிக்னல் அதுக்குக் கேக்காது."

"காது கேக்காத மிஷின் எனக்கெதுக்கு? வீட்ல நானே ஒண்ணு இருக்கேன்."

அவர் சிரிப்பதா வேண்டாமா என்று யோசித்து, அவள் சிரிப்பதைப் பார்த்ததும் சிரித்தார். "அப்ப உள்ளேயே டிஜிட்டல் டியூனர் வச்சது வேணும். அதுல ரெண்டு இருக்கு. ஒண்ணு நேரா டிஸ்க்ல எழுதும். இன்னொண்ணுல ஹார்ட் டிஸ்க்கும் சேந்து இருக்கு. ஆனா வெல கொஞ்சம்... இருங்க, மேனேஜர்கிட்ட கொறைக்க முடியுமான்னு கேட்டுட்டு வரேன்."

மேனேஜரின் அறை கடையின் கோடியில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தது. கழுகு பெட்டிகளைப் பார்ப்பதுபோல் நின்றாள். கண் அங்கேதான் இருந்தது. பழக்க தோஷம்.

"அந்தப் பழைய மாடல் நாலு கெடக்கே, அதத் தள்ளுய்யா," என்றார் மேனேஜர். "அந்தம்மாவுக்கு என்ன தெரியப் போகுது?"

"அதுல டிஜிட்டல் டியூனர் இல்ல சார். அவங்களுக்கு அந்தச் சேனல் வரவே வராது."

"வந்து கேட்டா பாத்துக்கலாம்."

"வந்து கேக்கறது என்கிட்டதானே சார்? உங்ககிட்டயா?"

மேனேஜர் கையை உதறினார். விற்பனைக்காரர் டையைச் சரிசெய்துகொண்டு திரும்பி வந்தார். முகத்தில் ஒன்றுமே நடக்காத மாதிரி ஒரு புன்னகை. "மேனேஜர் கொஞ்சம் கொறைக்கலாம்னு..." என்று ஆரம்பித்தார்.

"அவர் எங்க கொறைச்சார்? நீங்கதான் எனக்காகச் சண்ட போட்டீங்க. ரொம்ப நன்றிங்க."

அவர் கண்ணாடித் தடுப்பைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். பேயைப் பார்த்தவர் மாதிரி கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த நிமிஷத்திலிருந்து அவர் அவளிடம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. சொல்லி என்ன பிரயோஜனம்?

ஹார்ட் டிஸ்க் வேண்டாம் என்று அவரே சொன்னார். ஒரு நிகழ்ச்சிக்கு அது அதிகம். கடைசியில் பார்க்க வேண்டியது தரம். டியூனர் உள்ளே இருக்கிற மாடலை சுவர் டிவி ஒன்றோடு இணைத்து, அதே செய்திப் பெண்ணை நான்கு விதமாகப் பதிந்து காட்டினார். ஒரு மணி நேரத் தரத்தில் ஒரு டிஸ்க்கில் ஒரு மணி நேரம்தான் பிடிக்கும். ஆனால் செய்திப் பெண்ணின் உதட்டுச் சாயம் ஓரத்தில் கொஞ்சம் கலைந்திருந்தது வரை தெரிந்தது. இரண்டு மணி நேரத்தில் கலைந்தது தெரியவில்லை. நான்கு மணி நேரத்தில் உதடு ஒரு கோடு. எட்டு மணி நேரத்தில் முகமே கட்டம் கட்டமாகி, தரையில் ஓடு பதித்த மாதிரி ஆகிவிட்டது.

கழுகு டிவிக்கு முன்னால் குனிந்து, மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குப் போய், ஒவ்வொன்றையும் நிறுத்திப் பார்த்தாள். செய்திப் பெண் ஒரு சொல்லைச் சொல்லும்போது வாய் எப்படித் திறக்கிறது, நாக்கு எப்போது பல்லைத் தொடுகிறது, எல்லாம் தனித்தனிப் படமாக. கண்ணைத் தாண்டி இத்தனை நாள் ஓடிப்போன ஒன்று, பிடித்து வைத்தால் இவ்வளவு பெரிதாக இருக்கிறதே என்று அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. வேலைக்குப் போக வேண்டும் என்பதே மறந்துவிட்டது.

"ஒரு மணி நேரத் தரம்," என்றாள். "இதையே எடுத்துக்கறேன்."

சனிக்கிழமை வேலைக்குப் போகுமுன் டைமரை வைத்தாள். சேனல், ஆரம்பிக்கிற நேரம், முடிகிற நேரம், தரம். நான்கையும் சரிபார்த்தாள். ரெக்கார்டரின் முகத்தில் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. "இதத் தொடாதீங்க," என்று புருஷனிடம் சொன்னாள். அவர் மீசை அசைந்தது. சரி என்றுதான் சொல்லியிருக்க வேண்டும்.

அன்று தறியில் அவள் கை இருந்தது, மனசு இல்லை. பக்கத்துத் தறிக்காரி, எப்போதும் கம்பளித் தொப்பி போட்டிருப்பதால் தொப்பி என்று பெயர், கண்ணாடியில் வாயசைத்தாள்: "என்னடி, மாப்பிள்ள பாக்க வர்றாங்களா?"

கழுகு வாயசைத்தாள்: "பொண்ணு பாக்கப் போறேன்."

வீட்டுக்கு வந்தபோது பஸ்காரர் வாசலிலேயே நின்றார். அவர் வாசலில் வந்து நிற்கிறவர் இல்லை.

"பதிவாச்சா?"

"ஆச்சு, ஆச்சு. எல்லாம் ஆச்சு. மேட்சும் சேந்தே ஆச்சு."

"எந்த மேட்சு?"

அவர் சொன்னார். மீசைக்குள்ளிருந்து துண்டு துண்டாகத்தான் வந்தது. மத்தியானம் அந்த நிகழ்ச்சி முடிந்ததும் மேட்ச் ஆரம்பம். அவரோ பஸ்ஸைச் சர்வீஸுக்கு விடப் போக வேண்டும். புது மெஷின் சும்மாதானே இருக்கிறது, மேட்சையும் பிடித்துவிடலாமே என்று தோன்றியிருக்கிறது. டிஸ்க்கில் இடம் இல்லை என்று மெஷின் சொன்னது. பார்த்தால் ஒரு மணி நேரம் என்று போட்டிருக்கிறது. ஒரே டிஸ்க்கில் எட்டு மணி நேரம் பிடிக்கிற மெஷினை வாங்கிவிட்டு யாராவது ஒரு மணி நேரத்துக்கு வைப்பார்களா? அவள் தெரியாமல் வைத்துவிட்டாள் என்று நினைத்து, எட்டு மணி நேரத்துக்கு மாற்றி உதவி செய்திருக்கிறார்.

அவள் போட்டுப் பார்த்தாள். தறிக்கூடம் வந்தது. குனிந்த தலை வந்தது. பின்னால் அக்கா நிமிர்ந்தாள். அக்காவுக்கு முகம் இல்லை. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பழுப்புக் கட்டம், வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிவப்புக் கட்டம். அந்தச் சிவப்புக் கட்டம் கொஞ்சம் பெரிதாகிற்று, கொஞ்சம் சிறிதாகிற்று. பிறகு செங்கல் சூளை.

கழுகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த வீட்டில் அதைவிடப் பெரிய சண்டை கிடையாது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் எதிராளி வைதாலும் வீண், கெஞ்சினாலும் வீண். பஸ்காரர் சுற்றிக்கொண்டு அவள் முகத்துக்கு நேரே போனார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பினாள். அவர் சுவருக்கும் அவளுக்கும் நடுவே நுழையப் பார்த்தார்; அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அவள் சமையலறைக்கு வந்தபோது அங்கே ஒரு அந்நியர் நின்றிருந்தார். ஒரு வினாடி பயந்தே போனாள். பிறகுதான் பார்த்தாள்: மேலுதடு மட்டும் வெயிலே காணாத வெளுப்பு. மீசை போயிருந்தது.

"தப்புப் பண்ணிட்டேன்மா," என்றார் அவர். ஒவ்வொரு எழுத்தும் தெரிந்தது. "இப்பப் புரியுதா?"

"இத்தன வருஷமா இப்படித்தான் பேசிட்டிருந்தீங்களா?" என்றாள் அவள். "கொஞ்சம் கோணல் வாய்."

கோபம் பாதி போயிற்று. மீதி பாதியோடு மறுபடி டிவி முன்னால் போய் உட்கார்ந்தாள். வாய் கிடைக்காது என்று தெரியும். ஆனால் மெஷினின் அந்தப் பொத்தான் அவளை விடவில்லை. ஒரு அழுத்தல், ஒரு படம். ஒரு அழுத்தல், ஒரு படம். அக்காவின் கை எங்கே இருக்கிறது? தறிச் சட்டத்தில். தோள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது? என் பக்கம். சிவப்புக் கட்டம் நின்றது. அப்படியென்றால் பேசி முடித்துவிட்டாள். பிறகும் அக்கா அசையாமல் நிற்கிறாள். எதற்கோ காத்திருக்கிறாள்.

எதற்கு?

கழுகின் கண் அப்போதுதான் முன்னால் இருந்த உருவத்துக்கு வந்தது. அதுவரை அவள் தன்னைப் பார்க்கவே இல்லை. தன் பின்னலில் என்ன பார்க்க இருக்கிறது? இப்போது பார்த்தாள். அந்தக் குனிந்த தலை ஆடியது. மெதுவாக, தெளிவாக, மேலும் கீழும்.

பின்னால் அக்கா தோள் தளர்ந்து, தன் தறிக்குத் திரும்பினாள்.

கழுகு பின்னோக்கி ஓட்டினாள். மறுபடி பார்த்தாள். சந்தேகமே இல்லை, தலை ஆடுகிறது. அவள் இழை முடியும்போது எண்ணுவாள். இரண்டு கையும் நூலில் இருப்பதால் விரல் விட முடியாது. வாயில் நூல் நுனியைக் கடித்திருப்பதால் முணுமுணுக்கவும் முடியாது. ஒவ்வொரு இழைக்கும் ஒரு தலையாட்டல். இன்றைக்கும் அப்படித்தான். தொப்பிகூடக் கேலி செய்வாள், "யார்கிட்டடி சரி சரிங்கற?" என்று.

ஆனால் பின்னால் நின்று பார்க்கிறவளுக்கு? கண்ணாடி தூணில் தொங்குகிறது. தங்கையின் முகம் கண்ணாடிக்கு நேரே இருக்கிறது. சொல்லி முடித்ததும் தங்கை தலையை ஆட்டுகிறாள். தறிக்கூடத்தில் அதற்கு மேல் கேள்வி கிடையாது.

"எதுக்கோ சரின்னு சொல்லியிருக்கேன்," என்றாள் கழுகு.

"யாருக்கு?" என்றார் பஸ்காரர்.

"அக்காவுக்கு. எதுக்குன்னுதான் தெரியல."

திங்கட்கிழமை அந்த விற்பனைக்காரரிடம் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு போனாள். கட்டங்களை மறுபடி முகமாக்க முடியுமா என்று கேட்டாள். முடியாது என்றார்; மெஷின் எதை விட்டுவிட்டதோ அது டிஸ்க்கிலேயே இல்லை. வேறு எங்காவது போட்டுக் காட்ட முடியுமா என்றாள். அப்படியே கொண்டு போனால் மற்ற பிளேயரில் ஓடாது. டிஸ்க்கை முடித்து வைக்க வேண்டும், அதற்கு மெனுவில் ஒரு கட்டளை இருக்கிறது, ஆனால் அதன் பிறகு அதில் வேறு எதையும் எழுத முடியாது என்றார். சொல்லும்போது மேனேஜரின் அறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவரும் கற்றுக்கொண்டுவிட்டார்.

டிஸ்க்கை முடித்து வைத்து, அடுத்த லீவு நாளில் ரயில் ஏறினாள். விலாசம் அண்ணனிடம் கிடைத்தது. அண்ணன் எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டால் மனசு மாறிவிடுவாளோ என்று பயந்திருப்பார்.

அக்காவின் வீடு மூன்றாவது மாடியில். மணியை அடித்தாள். உள்ளே மணி அடித்தால் எரிகிற விளக்கு ஒன்று கதவு இடுக்கில் மின்னிற்று. அக்காவின் காதும் அதே தறியில் போனதுதான். கதவு திறந்தது. அக்கா தடித்திருந்தாள். தலை முழுக்க வெள்ளை. தங்கையைப் பார்த்ததும் கதவைப் பிடித்த கை இறுகிற்று.

"யாரு செத்தா?" என்றாள்.

"யாரும் சாகல. உங்க வீட்ல டிவிடி பிளேயர் இருக்கா?"

அக்கா உள்ளே திரும்பி டிவி இருக்கும் பக்கம் பார்த்தாள். இருக்கிறது என்பதால் கதவை விட்டு விலகினாள்.

ஒரு சோபா, ஒரு தையல் மெஷின், மடித்து அடுக்கிய திரைத்துணிகள். அக்கா வீட்டிலிருந்தே ஹோட்டல்களுக்குத் திரை தைக்கிறாள். அவள் புருஷன் லாரியில் வெளியூர் போயிருந்தார். குடிக்க என்ன வேண்டும் என்று அக்கா கேட்கவில்லை; கழுகும் எதிர்பார்க்கவில்லை. டிஸ்க்கைப் போட்டு, கூடம் வருகிற இடத்துக்கு ஓட்டினாள்.

அக்கா மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டாள். "இது நம்ம கூடம்," என்றாள். பிறகு, "அட, அது நானா? எவ்ளோ முடி!" பிறகு, "மூஞ்சி எங்க?"

"மூஞ்சிய உன் தங்கச்சி புருஷன் மேட்சுக்குக் குடுத்துட்டார். அத விடு. நீ என்னமோ பேசற. முதல்ல குட்டின்னு கூப்புடற. அது வரைக்கும் நான் டிவியிலயே பாத்துட்டேன். அப்புறம் என்ன சொன்ன?"

அக்காவின் முகம் மூடிக்கொண்டது. "தெரியாத மாதிரி கேக்கற."

"தெரியாமத்தான் கேக்கறேன்."

"நீதான் தலையாட்டினியே!" அக்காவின் உதடுகள் தறிக்கூடத்தில் இழுபடுகிற மாதிரியே இழுபட்டன. "குட்டி, சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு வா, உன்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போறேன்னு சொன்னேன். நீ கண்ணாடியப் பாத்து அழகா தலையாட்டின. அவர் பஸ்ஸுல ஏறு ஏறுங்கறார். நான் எறங்கி எறங்கி நிக்கறேன். ரெண்டு பஸ்ஸ விட்டேன். நீ வரல. சரி, அப்பா பக்கம் சேந்துட்டா, என் மூஞ்சிலயே முழிக்க இஷ்டமில்லன்னு நெனச்சுக்கிட்டேன். வரமாட்டேன்னு தலைய இப்படி ஆட்டியிருந்தாகூட ஏறிப் போயிருப்பேன். நீ வரேன்னு ஆட்டின."

இத்தனை வருஷமாக அக்கா சொல்லாமல் போனாள் என்று கழுகு இருந்தாள். சொல்லியும் தங்கை வரவில்லை என்று அவள் இருந்தாள். நடுவில் ஒரு தலையாட்டல்.

"அக்கா, நான் கண்ணாடியப் பாக்கல."

"பின்ன?"

"இழ எண்ணிட்டிருந்தேன்."

அக்கா அவளை முறைத்துப் பார்த்தாள். கழுகு ரிமோட்டை எடுத்து ஒவ்வொரு படமாக ஓட்டினாள். குனிந்த தலை ஒரு முறை ஆடியது. கொஞ்ச நேரம் அசையவில்லை. மறுபடி ஆடியது. மறுபடி. அக்கா தறிக்குத் திரும்பிய பிறகும், யாரும் எதுவும் கேட்காதபோதும், அந்தத் தலை தன்பாட்டுக்குச் சரி சரி என்று ஆடிக்கொண்டிருந்தது.

"பாரு. நீ திரும்பிட்ட. இன்னும் ஆட்டிட்டிருக்கேன். யாருக்கு ஆட்டறேன்?"

அக்கா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, மடித்து வைத்த ஒரு திரைத்துணியில் துடைத்தாள். அது ஹோட்டலுக்குப் போக வேண்டிய திரை என்பதைக் கவனிக்கவில்லை. மறுபடி மாட்டிக்கொண்டாள். சோபாவிலிருந்து எழுந்து, டிவிக்கு மிக அருகில் போய், தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். ரிமோட்டுக்காகக் கையை நீட்டினாள்.

"எத்தன இழடி அன்னிக்கி அறுந்துது?"

"யாருக்கு ஞாபகம் இருக்கு?"

"முதல்லேர்ந்து போடு. எண்ணிப் பாத்துடுவோம்."

கழுகு பக்கத்தில் உட்கார்ந்தாள். செங்கல் சூளை வருகிற வரைக்கும் பார்த்தார்கள். எண்ணிக்கை இருவருக்கும் வேறு வேறாக வந்தது. அக்கா விடவில்லை, நீ எப்பவுமே ஒண்ண விட்டுட்டுத்தான் எண்ணுவ என்று சொல்லி, மறுபடி பின்னோக்கி ஓட்டினாள்.